கழிவுக் குழியில் கிடைத்த சாட்சியம்

இங்கிலாந்தின் யார்க் நகரில் காப்பர்கேட் தெருவில் 1976 முதல் 1981 வரை நடந்த அகழாய்வில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய வைகிங் வீடுகளோடு கொல்லைப்புறக் கழிவுக் குழிகளும் வெளிப்பட்டன. ஈரமான, காற்றுப் புகாத மண் அவற்றை மக்கவிடாமல் காத்திருந்தது.

மண்ணை நீரில் கரைத்துச் சலித்தார்கள். சல்லடையில் தவிடு, பிளம் கொட்டை, ஆப்பிள் விதை, துடைக்கப் பயன்பட்ட பாசி ஆகியவை தங்கின. கார்ன்காக்கிள் என்ற நச்சுக் களையின் விதைத் துணுக்குகளும் இருந்தன. தானியத்தோடு அதுவும் அரைபட்டு ரொட்டியாகியிருக்கிறது.

சல்லடைக்குத் தப்பியவற்றை மைக்ராஸ்கோப் காட்டியது: எலுமிச்சம்பழ வடிவத்தில் சாட்டைப் புழு முட்டைகள். நீளம், ஒரு மில்லிமீட்டரில் 20-ல் ஒரு பங்கு. உருண்டைப் புழு முட்டைகளும் உண்டு. அதே ஊரில் 1972-ல் ஒரு வங்கிக் கட்டட மனையில் கிடைத்த சுமார் 20 செ.மீ. நீள மலக்கட்டியிலும் இவ்விரண்டும் இருந்தன. அது இன்று அருங்காட்சியகப் பொருள்.

மலத்தோடு வெளியேறும் முட்டை மண்ணில் முதிர்ந்து, கை, காய்கறி, தண்ணீர் வழியாக மீண்டும் வாய்க்கு வருகிறது. காப்பர்கேட்டில் குழியும் கிணறும் ஒரே கொல்லையில்தான் இருந்தன.

இந்தச் சுழற்சி இன்னும் அறுபடவில்லை. இந்தியாவில் 2015-ல் தேசிய குடற்புழு நீக்க நாள் தொடங்கி, குழந்தைகளுக்கு அல்பெண்டசோல் தரப்படுகிறது. மாத்திரை வயிற்றில் இருக்கும் புழுவை அகற்றும். மண்ணில் இருக்கும் முட்டைக்கு மருந்து, கழிப்பறையும் சுத்தமான தண்ணீரும்தான்.