வைஃபை கோடுகள் நிறைய இருக்கின்றன, இன்டர்நெட் மட்டும் வரவில்லையா?

வீடு முழுவதும் வைஃபை கிடைக்க வேண்டும் என்று இப்போது பலர் மெஷ் வைஃபை வாங்கி வைக்கிறார்கள். பெட்டியில் இரண்டு அல்லது மூன்று சிறு கருவிகள் இருக்கும். இவற்றை நோடு என்பார்கள். ஒன்றை ஃபைபர் பெட்டியுடன் கேபிளால் இணைத்துவிட வேண்டும். இது முதன்மை நோடு. மற்றவற்றை வேறு அறைகளில் வைத்து மின் இணைப்பு கொடுத்தால் போதும். எல்லாம் ஒரே பெயரில், ஒரே பாஸ்வேர்டில் இயங்கும். ஆனாலும் புதிய லேப்டாப்பில் இன்டர்நெட் விட்டு விட்டு வருகிறது என்று கேட்பவர்கள் அதிகம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். திரையின் வலது மூலையில் தெரியும் வைஃபை கோடுகள், உங்கள் லேப்டாப்புக்கும் அருகிலுள்ள நோடுக்கும் இடையே உள்ள சிக்னலை மட்டுமே காட்டும். அந்த நோடுக்கும் முதன்மை நோடுக்கும் இடையே என்ன நடக்கிறது என்பது லேப்டாப்புக்குத் தெரியாது.

திருச்சியில் என் சித்தப்பா வீட்டில் இதுதான் நடந்தது. தங்கைக்கு மறுநாள் காலை 10 மணிக்கு ஆன்லைனில் வேலைக்கான நேர்முகத் தேர்வு. முதல் நாள் இரவு போன் செய்தாள். “ஃபுல் சிக்னல் இருக்குண்ணா. ஆனா வீடியோ உறைஞ்சு போயிடுது. போன்ல நல்லா வருது” என்றாள். மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டுப் போனிலும் பார்க்கச் சொன்னேன். போனிலும் வரவில்லை! அதுவரை வைஃபை தடுமாறியபோதெல்லாம் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியிருக்கிறது. போனுடன் ஒப்பிடும் முன் மொபைல் டேட்டாவை அணைக்க மறக்காதீர்கள். இல்லையென்றால் பழி லேப்டாப் மேல் விழும்.

அடுத்து அவளைச் செய்யச் சொன்னதை நீங்களும் செய்து பாருங்கள். விண்டோஸ் கீயை அழுத்தி, சி, எம், டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளை டைப் செய்து என்டர் தட்டுங்கள். கறுப்புத் திரையுடன் கமாண்ட் பிராம்ப்ட் திறக்கும். அதில் ஐபிகான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் இடைவெளியில்லாமல் டைப் செய்து என்டர் தட்டினால் நிறைய வரிகள் ஓடும். பயப்பட வேண்டாம். வைஃபை என்ற தலைப்பின் கீழ் இரண்டு வரிகள் போதும். ஐபிவி4 அட்ரஸ் என்பது லேப்டாப்பின் முகவரி. டீஃபால்ட் கேட்வே என்பது ரூட்டரின் முகவரி. பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். லேப்டாப்பின் முகவரி 169.254 என்று தொடங்கினால், ரூட்டர் அதற்கு முகவரியே கொடுக்கவில்லை என்று பொருள். அப்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, முதலில் ஃபைபர் பெட்டி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து முதன்மை நோடு, கடைசியில் மற்ற நோடுகள் என்ற வரிசையில் போடுங்கள்.

முகவரி சரியாக இருந்தால் பிங் கட்டளைக்கு வாருங்கள். பி, ஐ, என், ஜி என்று டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, கேட்வே முகவரியைக் கொடுத்து என்டர் தட்டுங்கள். நான்கு பதில்கள் வரும். ஒவ்வொன்றிலும் எத்தனை மில்லி செகண்ட் ஆனது என்று இருக்கும். வீட்டுக்குள் இது 10-க்குள் இருப்பது நல்லது. தங்கைக்கு ஒரு பதில் 6, அடுத்தது 840, மூன்றாவது ‘ரெக்வஸ்ட் டைம்ட் அவுட்’. கோளாறு வீட்டுக்குள்தான் என்று தெரிந்துவிட்டது. லேப்டாப்பை ஹாலுக்குக் கொண்டுபோய் முதன்மை நோடு பக்கத்தில் வைத்ததும் நான்கும் 5-க்குள் வந்தன. ஆக, லேப்டாப் மேல் தப்பில்லை.

“ரெண்டாவது நோடு எங்க இருக்கு?” என்று கேட்டேன். பின் அறையில், இரும்பு பீரோவுக்குப் பின்னால். சிக்னல் வராத அறை அதுதான் என்பதால் அங்கேயே வைத்துவிட்டார் சித்தப்பா. எல்லாரும் இப்படித்தான் வைக்கிறார்கள். சிக்னலே வராத இடத்தில் வைத்தால் நோடுக்கும்தானே சிக்னல் வராது? ஹாலுக்கும் பின் அறைக்கும் நடுவில், உயரமாக, திறந்த இடத்தில் வைக்க வேண்டும். அதைச் சாப்பாட்டு அறை அலமாரி மேல் மாற்றியதும் லேப்டாப்பில் கோடுகள் ஒன்று குறைந்தன. வீடியோ தடையில்லாமல் ஓடியது! மறுநாள் தேர்வை அந்த அறையிலேயே முடித்தாள்.

கேட்வே ஒழுங்காகப் பதில் தருகிறதா? அடுத்து 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் செய்யுங்கள். இது கூகுள் 2009-ல் தொடங்கிய டி.என்.எஸ். சேவையின் முகவரி. இங்கே பதில் வந்து, இணையதளங்கள் மட்டும் திறக்கவில்லை என்றால், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.-இல்தான் சிக்கல். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், வைஃபை வழியாக உங்கள் இணைப்பின் பிராப்பர்ட்டீஸ் சென்று, டி.என்.எஸ். சர்வர் அசைன்மென்ட் எதிரே எடிட் க்ளிக் செய்து, மேனுவல் தேர்ந்தெடுத்து, ஐபிவி4-ஐ ஆன் செய்து 8.8.8.8 கொடுத்து சேவ் செய்யுங்கள்.

இன்னொரு வேடிக்கை. ஃபைபர் பெட்டிக்கே சொந்தமாக ஒரு வைஃபை இருக்கும். மெஷ் வாங்கிய பிறகும் அதை யாரும் அணைப்பதில்லை. லேப்டாப் பழைய பெயரை நினைவில் வைத்து, பக்கத்து நோடை விட்டுவிட்டு, தூரத்திலிருக்கும் அந்தப் பெட்டியைப் பிடித்துத் தொங்கும். வைஃபை பகுதியில் மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ் சென்று பழைய பெயருக்கு ஃபர்கெட் கொடுத்துவிடுங்கள்.

கேட்வே பதில் தந்து, முதன்மை நோடு பக்கத்தில் உட்கார்ந்தும் 8.8.8.8 பதில் தரவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே. ஃபைபர் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் ஃபைபரில் ஒளி வரவில்லை. நிறுவனத்துக்குப் போன் செய்து இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள். ‘ரீஸ்டார்ட் செய்து பாருங்கள்’ என்ற பேச்சு பாதியாகக் குறையும்.