5 வாட் ரேடியோவில் அனுப்பும் செய்தி விண்வெளி நிலையத்தை எட்டுவது எப்படி?

அடுத்த ஊரை எட்டவே திணறும் கையடக்க ரேடியோ, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் சர்வதேச விண்வெளி நிலையத்தை எட்டிவிடுகிறது. தரையில் அலையை மடக்குவது தூரத்தைவிடத் தடைகளே: கட்டடம், குன்று, பூமியின் வளைவு. நிமிர்ந்து பாருங்கள், குறுக்கே ஒன்றுமில்லை. ஆகவே அமெச்சூர் ரேடியோவில் புதிதாக இறங்குபவர் முதலில் தேட வேண்டியது கூடுதல் வாட் அல்ல, திறந்த வானம்.

நிலையம் தலைக்கு மேல் கடந்து மறைய ஏறக்குறைய பத்து நிமிடம்தான். அதற்குள் எல்லோரும் பேச முடியாது என்பதால்தான் பாக்கெட் முறை. அஞ்சலட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: அனுப்புநர், பெறுநர், ஒரு வரிச் செய்தி. கணினி இதைக் கரகரப்பான ஒலியாக்க, ரேடியோ 145.825 மெகாஹெர்ட்ஸில் ஓரிரு நொடியில் அனுப்பிவிடும். மேலேயுள்ள கருவி பிழை பார்த்து, சரியாக இருந்தால் மட்டும் அதே அலைவரிசையில் திருப்பி ஒலிபரப்பும். இருவர் ஒரே கணத்தில் அனுப்பினால் இரண்டும் சிதையக்கூடும்; விடாமல் அனுப்புவது அடுத்தவர் வாய்ப்பைப் பறிப்பதே.

கைபேசி இருக்க இது எதற்கு என்பீர்கள். கைபேசிக்குப் பொதுவாகப் பக்கத்தில் கோபுரம் வேண்டும், அதற்கு மின்சாரமும் வேண்டும். இங்கே ஒரே நிலையம், தனக்குக் கீழே சுமார் 2,000 கிலோமீட்டர் ஆரத்துக்குள் உள்ளவர்களை இணைக்கிறது. ஆனால் அனுப்ப உரிமம் கட்டாயம்.