லயத்துச் சாவியும் கிராஜுவிட்டிப் பணமும்

வேலையின் கடைசி நாள். கூடையையும் கொழுந்து வெட்டும் கத்திரியையும் ஒப்படைத்துவிட்டு எஸ்டேட் ஆபீஸ் வாசலில் நிற்கிறீர்கள். "லயத்துச் சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி" என்கிறார்கள் உள்ளே. "பணம் கைக்கு வராமல் வீட்டை விடாதே" என்கிறார்கள் வெளியே. கேரளத்தின் மூணாறு, பீர்மேடு, நெல்லியாம்பதி என எந்த மலையானாலும் வேலை கொடுத்தவர்தான் வீடும் கொடுத்திருக்கிறார். அதனால் வரும் சிக்கல் இது. கூலிக் கணக்கு ஒன்று, வீட்டுக் கணக்கு இன்னொன்று என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்.

கிராஜுவிட்டி (பணிக்கொடை) என்றால் என்ன? நீண்ட காலம் உழைத்ததற்காக முதலாளி தன் கையிலிருந்து தர வேண்டிய தொகை. பி.எஃப். உங்கள் கூலியில் பிடித்ததும் முதலாளி போட்டதும் சேர்ந்தது. கிராஜுவிட்டி அதற்கு மேல் வருவது. ஒன்றைக் கொடுத்துவிட்டதால் மற்றது தீர்ந்துவிடாது.

யாருக்குக் கிடைக்கும்? ஒரே இடத்தில் ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு. வேலையில் இருக்கும்போதே இறந்தாலும், உடல் முடியாமல் போனாலும் ஐந்து ஆண்டுக் கணக்குப் பார்க்கக் கூடாது.

"நான் டெம்பரரிதானே?" என்று தயங்க வேண்டாம். வாரம் ஆறு நாள் வேலை நடக்கும் இடத்தில், 12 மாதத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ச்சியான ஓர் ஆண்டு. சம்பளத்தோடு எடுத்த லீவும், 26 வாரம் வரையிலான பிரசவ லீவும் அந்த 240-இல் சேரும்.

எவ்வளவு வரும்? ஓர் ஆண்டுக்கு 15 நாள் கூலி. பஞ்சப்படியும் கூலியோடு சேரும். உங்கள் நாள் கூலி 480 ரூபாய், சர்வீஸ் 31 ஆண்டு 7 மாதம் என்று வைத்துக்கொள்வோம். கடைசி ஆண்டில் ஆறு மாதத்துக்கு மேல் போனால் அதை முழு ஆண்டாக எடுக்க வேண்டும். ஆக 32 ஆண்டு. 480-ஐ 15-ஆல் பெருக்கினால் 7,200. அதை 32-ஆல் பெருக்கினால் 2,30,400 ரூபாய். ஆபீசில் 31 என்று போட்டால் உங்களுக்கு நஷ்டம் 7,200.

எத்தனை நாளில் தர வேண்டும்? 30 நாளில். நீங்கள் மனு கொடுக்காவிட்டாலும் கணக்குப் போட்டுத் தருவது முதலாளியின் கடமை. தாமதித்தால் வட்டியும் சேரும். 1972-ஆம் ஆண்டின் கிராஜுவிட்டிச் சட்டத்தின் கீழ் அது ஆண்டுக்கு 10 சதவீதமாக இருந்தது.

சட்டம் மாறிவிட்டது என்கிறார்களே? ஆமாம். 2025 நவம்பர் 21 முதல் மத்திய அரசு நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. கிராஜுவிட்டி, சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. 15 நாள் கூலிக் கணக்கும் 30 நாள் கெடுவும் அப்படியே இருக்கின்றன. குறிப்பிட்ட காலத்துக்கு என்று எழுதிக் கொடுத்து வேலைக்கு எடுக்கப்பட்டவருக்கு ஓர் ஆண்டு முடிந்தாலே, வேலை பார்த்த காலத்துக்கு ஏற்ப உண்டு என்பது புதிது.

இப்போது வீட்டுக்கு வருவோம். சாவி தராததால் பணத்தை நிறுத்தலாமா? கிராஜுவிட்டிச் சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 2020 டிசம்பரில், ஸ்டீல் அத்தாரிட்டி ஆஃப் இந்தியா நிறுவனத்தின் வழக்கில், ஓய்வுக்குப் பிறகும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யாதவரின் கிராஜுவிட்டியில் அபராத வாடகையைக் கழித்துக்கொள்ளலாம் என்றது உச்ச நீதிமன்றம். அந்த நிறுவனத்துக்கு அப்படிப் பிடித்து வைக்கும் சொந்த விதி இருந்தது. உங்கள் எஸ்டேட்டில் அப்படி விதி உண்டா என்று எழுத்தில் கேளுங்கள்.

அதற்காகப் பணம் வரும் முன்பே வீட்டை விட்டு இறங்க வேண்டுமா? மூட்டை கட்டும் முன் ஒரு கடிதம் கொடுங்கள். "இன்ன தேதியில் வேலை முடிந்தது. கணக்குத் தீர்ந்ததும் லயத்தைக் காலி செய்யத் தயார்" என்ற இரண்டு வரி போதும். வீட்டை நீங்கள் வீம்புக்குப் பிடித்து வைத்திருக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. நகலில் "பெற்றுக்கொண்டோம்" என்று கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். தர மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

30 நாள் கழித்தும் பணம் வராவிட்டால்? தொழிலாளர் துறையில் இதற்கென்றே உள்ள அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அவர் உத்தரவிட்டும் முதலாளி தராவிட்டால், நிலவரி பாக்கியை வசூலிப்பதுபோலக் கலெக்டர் மூலம் வசூலிக்க (ரெவின்யூ ரிக்கவரி) வழி உண்டு. மூடிக் கிடக்கும் தோட்டங்களின் தொழிலாளர்களுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது.

மலையாளம் எழுத வராதே என்கிறீர்களா? தமிழிலேயே எழுதுங்கள். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் அரசு அலுவலகங்களுக்குத் தமிழில் மனு கொடுக்கலாம். பதிலும் தமிழில் வர வேண்டும்.

ஓய்வுக்கு இன்னும் ஓர் ஆண்டு இருக்கிறதா? இப்போதே மூன்றைச் சரிபாருங்கள். ஒன்று, செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) நீங்கள் சேர்ந்த தேதி. இரண்டு, உங்கள் பெயர்: செக்ரோலில் "மாரியம்மா", ஆதாரில் "மாரியம்மாள்" என்றிருந்தால்கூடப் பேங்கில் பணம் நின்றுபோகலாம். மூன்று, வாரிசு நியமனம் (நாமினேஷன்). கல்யாணத்துக்கு முன் எழுதிக் கொடுத்த பேரே இன்னும் அங்கே இருக்கிறதா? கணவன் மனைவி பிரிந்தோ, ஒருவர் இறந்தோ குடும்பம் மாறியிருந்தால் புதிதாக எழுதிக் கொடுங்கள். கடைசி நாளில் சாவியைப் பற்றிப் பேச்சு வரும்போது, இந்த மூன்றிலும் ஆபீஸ் உங்களைத் திருப்பி அனுப்ப இடமிருக்காது.