பழைய பிக்கப்புக்கு டிஸ்க் பிரேக்: வீட்டு கராஜில் நாங்கள் கற்றுக்கொண்டது

இந்த எபிசோட் கொஞ்சம் கிரீஸ் வாசனை அடிக்கும், இப்பவே சொல்லிடறேன். டெக்சாஸ்ல என் டீம்ல ஒரு சீனியர் இருக்கார். ஆபீஸ்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன், வெளியே வந்தா அண்ணா. அவர் ரெண்டு வருஷம் தேடி ஒரு 1969 மாடல் ஷெவர்லே சி10 பிக்கப் வாங்கினார். நாலு சக்கரத்துலயும் டிரம் பிரேக். முன்னாடி ரெண்டையும் டிஸ்க்கா மாத்தணும், வீட்டு கராஜ்லயே பண்ணிடலாம்னு என்னைக் கூப்பிட்டார். "ஒரு சனி, ஞாயிறு வேலைடா" என்றார். நாலு வாரம் ஆச்சு.

அந்த நாலு வாரத்தில் நான் கற்றுக்கொண்டதுதான் இன்றைய எபிசோட். ஒரே வரியில் சொன்னால்: பிரேக் என்பது ஒரு பார்ட் கிடையாது, முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இருக்கிற ஒரு கணக்கு. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால், நல்ல பார்ட் போட்டே வண்டியை முன்னைவிட ஆபத்தானதாக ஆக்கிவிட முடியும். நாங்க கிட்டத்தட்ட அதைத்தான் பண்ணினோம்.

ஏன் மாத்தணும்?

முதலில் டிரம்முக்கு நியாயம் செய்துவிடுவோம். டிரம் பிரேக்கில் உள்ளே இரண்டு ஷூ விரிந்து, சுழலும் டிரம்மின் உள்பக்கத்தில் உரசும். டிரம் சுற்றுகிற வேகமே ஷூவை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதனால் காலால் கொஞ்சம் அழுத்தினாலே நல்ல பிடி கிடைக்கும். சும்மா நிற்கிற வண்டியை எடுத்து ஒரே ஒரு தடவை பிரேக் அடித்தால், பழைய டிரம்மே டயரை லாக் பண்ணிவிடும். டயர் லாக் ஆன பிறகு எவ்வளவு பெரிய பிரேக் இருந்தாலும் பிரயோஜனம் இல்லை. மிச்சத்தை முடிவு செய்வது டயரும் ரோடும்தான்.

பிரச்சினை இரண்டாவது, மூன்றாவது பிரேக்கில் வரும். வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நாலு மடங்கு. அத்தனையும் சூடாக மாற வேண்டும். டிரம் மூடின பாத்திரம் மாதிரி, சூடு வெளியே போக வழியில்லை. சூடானால் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும். பெடல் இன்னும் கீழே போகும், பிடி குறையும். தண்ணீர் உள்ளே போனால் ஒரு சக்கரம் பிடிக்கும், இன்னொன்று பிடிக்காது. ஸ்டீயரிங் ஒரு பக்கமா இழுக்கும்.

டிஸ்க் திறந்தவெளியில் சுற்றுகிறது. காற்று படும், தண்ணீர் தானாகத் தெறித்துப் போய்விடும். சூடாகி விரிந்தாலும் பேடை நோக்கித்தான் விரியும். ஷெவர்லேவே 1971 மாடலில் இருந்து இந்த பிக்கப்புகளுக்கு முன்பக்க டிஸ்க்கை ஸ்டாண்டர்டாகக் கொடுத்தது. அண்ணா வண்டி ரெண்டு வருஷம் முன்னாடி பிறந்துடுச்சு, அவ்வளவுதான்.

ஆனா டிரம்முக்கு இருக்கிற அந்த "தானா இழுத்துக்கிற" குணம் டிஸ்க்குக்கு கிடையாது. அதே பிடி வேணும்னா பைப்ல அழுத்தம் அதிகமா வேணும். இங்கதான் கணக்கு ஆரம்பிக்குது.

காலில் இருந்து காலிப்பர் வரை

நீங்க பெடலை 30 கிலோ விசையில் மிதிக்கிறீங்கன்னு வச்சுக்குவோம். பூஸ்டர் இல்லாத வண்டியில் பெடல் ஒரு நெம்புகோலாக அதை சுமார் 6 மடங்கு ஆக்கும். 180 கிலோ. அது மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் விட்டம் 1 அங்குலம் என்றால் பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 36 கிலோ அழுத்தம்.

இப்போது "பெரிசு போட்டா பெட்டர்" என்று 1⅛ அங்குல மாஸ்டர் சிலிண்டர் போட்டால்? பரப்பு 6.4 ஆகிறது. அதே 180 கிலோவுக்கு அழுத்தம் 28 ஆக இறங்கிவிடும்! பெடல் கம்மியா இறங்கும், கல்லு மாதிரி இருக்கும், ஆனா வண்டி நிற்காது. அதனால் பூஸ்டர் இல்லாமல் டிஸ்க் போடுகிறவர்கள் பொதுவாக 1 அங்குலமும், பூஸ்டரோடு போடுகிறவர்கள் 1⅛ அங்குலமும் எடுப்பார்கள். நாங்க பூஸ்டர் வச்சோம், அதுக்கேத்த சிலிண்டர் எடுத்தோம்.

பழைய டிரம் மாஸ்டர் சிலிண்டரையே வைத்துக்கொள்ளலாமா? கூடாது, இரண்டு காரணம். ஒன்று, டிரம்முக்கான சிலிண்டரின் வாயில் ஒரு சின்ன வால்வு இருக்கும். பெடலை விட்ட பிறகும் பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தை நிறுத்தி வைக்கும். டிரம்முக்கு அது தேவை. டிஸ்க்குக்கு அதே அழுத்தம் இருந்தால் பேட் எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும், ஹைவேயில் சூடாகிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு, டிஸ்க் பேட் தேயத் தேய காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து அதிக ஆயிலை எடுத்துக்கொள்ளும். பழைய சிலிண்டரின் சின்ன கிண்ணம் அதற்குப் போதாது.

கிட் வாங்குறதுக்கு முன்னாடி

அண்ணா முதலில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் இடத்தில் 1970களின் பின்பாதி பிக்கப் ஒன்றின் முன்பக்க டிஸ்க் செட்டைப் பார்த்துவிட்டு வந்தார். விலை ரொம்ப கம்மி. நல்லவேளை, வாங்கும் முன் போல்ட்டை எண்ணினோம். 1970 வரை வந்த சி10க்கு சக்கரத்தில் 6 போல்ட், 1971இல் இருந்து 5. அதை வாங்கியிருந்தால் முன்னாடி 5, பின்னாடி 6, வண்டிக்கு ரெண்டு ஸ்டெப்னி! 6 போல்ட் டிஸ்க்கும் கிடைக்கிறது, அதைத் தேடிப் பிடித்தோம். சக்கரம் 15 அங்குலமாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் காலிப்பர் ரிம்மில் இடிக்கலாம்.

பிரிக்கும்போது ஒரே எச்சரிக்கை. இவ்வளவு பழைய வண்டியின் பிரேக் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஏர் அடித்து ஊதாதீர்கள். நனைத்துத் துடைத்து, துணியை கவரில் கட்டிப் போடுங்கள். அப்புறம், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே போகாதீங்க. ஸ்டாண்ட் கட்டாயம்.

நான் பண்ண தப்பு

பைப் எல்லாம் மாட்டியாச்சு. அடுத்தது ஏர் எடுக்கிறது. ஆயிலை அமுக்கினால் சுருங்காது, காற்றை அமுக்கினால் சுருங்கும். பைப்பில் ஒரு குமிழி இருந்தாலும் உங்க கால் விசை அந்தக் குமிழியை நசுக்குவதில் போய்விடும். மாஸ்டர் சிலிண்டரை வண்டியில் பூட்டுவதற்கு முன்பே தனியாக ஏர் எடுத்துவிட வேண்டும். பிறகு தூரத்துச் சக்கரத்தில் தொடங்கி வரிசையாக: பின் வலது, பின் இடது, முன் வலது, முன் இடது.

அண்ணா பெடலில், நான் நிப்பிளில். "அமுக்குங்க... பிடிங்க... ம், விடுங்க." ஒரு முழு சனிக்கிழமை இது ஓடிச்சு. நாலு பாட்டில் ஆயில் காலி. பெடல் இன்னும் பஞ்சு மாதிரி. ஞாயிறும் அதே. அண்ணா கோபப்படலை, ஆனா பேசுறதை நிறுத்திட்டார். அது இன்னும் மோசம்.

அப்புறம்தான் வேலையில் பண்ணுவதையே பண்ணினேன்: பாதி பாதியா பிரிச்சுத் தேடுறது. பின்பக்க ரப்பர் ஹோஸை அதற்கென்று இருக்கிற மழுங்கின கிளாம்ப்பால் அடைத்தோம். பெடல் அதே பஞ்சு. அப்போ பின்பக்கம் ஓகே. முன்பக்க ஹோஸ் இரண்டையும் அடைத்தோம். பெடல் கல்லு! அப்போ கோளாறு முன் காலிப்பர்ல. டார்ச் அடிச்சுப் பார்த்தா, ஏர் எடுக்கிற நிப்பிள் காலிப்பருக்குக் கீழ்ப்பக்கம் இருக்கு.

இடது காலிப்பரை வலதிலும், வலதை இடதிலும் மாட்டியிருக்கேன். பார்க்க ரெண்டும் ஒண்ணு போலவே இருக்கும், போல்ட்டும் சரியாவே உட்காரும். ஆனால் காற்று மேலே போகும், நிப்பிள் கீழே இருந்தால் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் ஆயில்தான் வெளியே வரும், குமிழி மேலேயே சொகுசாக உட்கார்ந்திருக்கும். மாட்டினது நான்தான். சொன்னேன். அண்ணா என்னையே பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். மாற்றி மாட்டி ஏர் எடுக்க அரை மணி நேரம். நிப்பிள் எப்போதும் மேலே. இந்த எபிசோடில் வேறெதுவும் ஞாபகம் இல்லாவிட்டாலும் இது இருக்கட்டும்.

பின்பக்கம் முந்தினா

பெடல் கெட்டியானதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் ரோட்டுக்குப் போகவில்லை. என்ஜினை அணைத்து பெடலை அரை நிமிடம் அழுத்திப் பிடித்தோம், மெதுவாகக் கீழே இறங்குதா என்று. இறங்கவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் வைத்துக் கசிவு பார்த்தோம். பிறகு பெடலைப் பல தடவை மிதித்து, அழுத்திப் பிடித்தபடி என்ஜினை ஸ்டார்ட் செய்தோம். பெடல் சற்றே கீழே இறங்கியது. பூஸ்டர் வேலை செய்கிறது என்று அர்த்தம்.

அடுத்து காலியான ஒரு பார்க்கிங். முந்தின இரவு மழை. 10 கிலோமீட்டர் வேகம், ஓகே. 20, ஓகே. 40இல் அண்ணா ஓங்கி மிதிச்சார். பின்சக்கரம் ரெண்டும் லாக் ஆகி, வண்டியோட வால் பக்கவாட்டுல சுத்திக்கிட்டு வந்துச்சு. பாதி வட்டம். யாரும் இல்லாத இடம், ஒன்றும் ஆகவில்லை. ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை.

நடந்தது இதுதான். பிரேக் அடிக்கும்போது எடை முன்னால் சாயும், பின்சக்கரம் லேசாகும். காலி பிக்கப்பில் பின்னாடி ஏற்கெனவே எடை இல்லை. டிரம் இருந்த காலத்தில் முன்னும் பின்னும் ஒரே வகை, அதற்கேற்ற கணக்கு. நாங்கள் டிஸ்க்குக்காக அழுத்தத்தை ஏற்றினோம். அதே ஏற்றின அழுத்தம், கொஞ்சத்திலேயே பிடிக்கிற பின் டிரம்முக்கும் போனது. முன்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி திரும்பாது, ஆனால் நேராகப் போகும். பின்சக்கரம் முதலில் லாக் ஆனால் வண்டி சுழலும்.

இதைத் தடுக்கத்தான் ப்ரொபோர்ஷனிங் வால்வு. ஒரு அளவு வரை பின்பக்கத்துக்கு முழு அழுத்தம் விடும். அதற்கு மேல் ஏறும் அழுத்தத்தில் ஒரு பங்கை மட்டும் விடும். எங்க கிட் ஒருத்தர்கிட்ட செகண்ட் ஹேண்டா வாங்கினது, அதில் இந்த வால்வு இல்லை. "பழைய பித்தளை பிளாக் கசியலையே, அதையே வச்சுக்கலாம்" என்று விட்டுவிட்டோம். அந்த பிளாக்கின் வேலை ஆயிலைப் பிரித்துக் கொடுப்பது மட்டும். அழுத்தத்தைக் குறைக்க அதற்குத் தெரியாது.

பின் லைனில் திருகி அமைக்கக்கூடிய வால்வு ஒன்று வைத்தோம். அதே பார்க்கிங்கில், காலி வண்டியோடு, முன்சக்கரம் முதலில் லாக் ஆகும்வரை கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினோம். ஏற்கெனவே உள்ளே வால்வு இருக்கிற முழு கிட் வாங்கினால் இன்னொன்றைச் சேர்க்காதீர்கள், பின்பக்கத்துக்குப் போகும் அழுத்தம் தேவைக்கு மேல் குறைந்துபோகும்.

கடைசியா யார் பார்க்கிறாங்க?

டெக்சாஸில் 2025 ஜனவரி 1 முதல் சொந்த உபயோக வண்டிகளுக்கு வருடாந்திர பாதுகாப்புச் சோதனை கிடையாது. அதாவது அந்த சி10இன் பிரேக்கை எங்களைத் தவிர வேறு யாரும் சரிபார்க்கப் போவதில்லை. அண்ணாவோட எட்டு வயசுப் பொண்ணு முதல் நாளில் இருந்தே "எப்போப்பா ரவுண்டு போவோம்"னு கேட்டுக்கிட்டே இருந்தா. அந்த ஈர பார்க்கிங்கை நாங்க பண்ணாம விட்டிருந்தா, அந்த அரைவட்டம் ரோட்டுல நடந்திருக்கும், அவ முன்சீட்டுல இருக்கும்போது.

அதனால் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு பிரேக் மெக்கானிக்கிடம் காசு கொடுத்து முழுசாகப் பார்க்கச் சொன்னோம். நம்ம கோடை நாமே ரிவ்யூ பண்ணி நாமே அப்ரூவ் பண்றதில்லையே? அவர் பின் ஷூவை இன்னும் கொஞ்சம் நெருக்கி வைத்தார், ஒரு நட்டை இறுக்கினார். அந்த ஒரு நட்டுக்காகவே காசு தகும்.

பிக்கப் இல்லாதவங்களுக்கும் ஒண்ணு. உங்க பைக்ல டிஸ்க் பிரேக் இருந்தா, ஆயில் கிண்ணத்தை இன்னைக்கே பாருங்க. பிரேக் ஆயில் காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஈரம் ஏறினபின் அந்த அளவு 155. கொதித்தால் ஆவி, ஆவி என்றால் பஞ்சு பெடல். கறுத்துப் போயிருந்தால் மாற்றுங்கள்.

அந்தப் பொண்ணு போன வாரம் ரவுண்டு போயிட்டு வந்துட்டா. வண்டி மெதுவா போகுதாம், அதான் அவ கம்ப்ளெயின்ட். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.