எந்தக் கையில் போடட்டும்?

அமெரிக்காவில் செப்டம்பர் பிறந்துவிட்டால் மருந்துக் கடைகளின் கண்ணாடிக் கதவில் அறிவிப்பு ஒட்டிவிடுவார்கள்: ஃப்ளூ ஊசி, கோவிட் ஊசி, இரண்டும் இங்கே கிடைக்கும். ஷாம்பு, சாக்லேட், வாழ்த்து அட்டை எல்லாம் தாண்டிப் போனால் கடைக்கோடியில் மாத்திரை கொடுக்கும் கவுன்டர். அதன் பக்கத்தில் தட்டி வைத்து மறைத்த ஒரு மூலை, உள்ளே ஒரு நாற்காலி. படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவரிடம், கையுறையை மாட்டிக்கொண்டே மருந்தாளுநர் கேட்பார்: "எந்தக் கையில் போடட்டும்?"

பெரும்பாலோர் இதற்கு யோசிப்பதே இல்லை. வலக்கைப் பழக்கக்காரர் இடக்கையை நீட்டுவார். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுப்பவர் வலக்கையைக் காட்டுவார். இரண்டு ஊசியையும் ஒரே நாளில் முடித்துவிட நினைப்பவர் கைக்கு ஒன்றாக வாங்கிக்கொண்டு, ராத்திரி எந்தப் பக்கமும் புரள முடியாமல் மல்லாந்து கிடப்பார். கேட்பவருக்கும் இது ஒரு சம்பிரதாயக் கேள்விதான். ஆனால் இதே கேள்வியை நோயெதிர்ப்பியல் ஆய்வாளர்கள் சில ஆண்டுகளாக மெனக்கெட்டு ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஊசி மருந்து எடுத்த எடுப்பில் உடம்பு முழுவதற்கும் போய்ச் சேருவதில்லை. அது முதலில் போகிற முக்கியமான இடம், குத்திய கையின் அக்குள்.

பெரியவர்களுக்கான ஃபைசர் கோவிட் ஊசி 0.3 மில்லிலிட்டர். அதற்குள் 30 மைக்ரோகிராம் எம்.ஆர்.என்.ஏ., கண்ணுக்குத் தெரியாத கொழுப்புக் குமிழ்களில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தோளுக்குச் சற்றுக் கீழே இருக்கும் டெல்டாய்டு தசையில் இறங்கியதும் குமிழ்களில் ஒரு பங்கு தசைச் செல்களுக்குள்ளும், அங்கே ஓடி வரும் காவல் செல்களுக்குள்ளும் நுழைகிறது. அந்தச் செல்கள் கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்தைத் தயாரிக்க ஆரம்பிக்கின்றன. இன்னொரு பங்கு நிணநீரோடு சேர்ந்து மேலேறி, அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகளுக்குப் போய்விடுகிறது. புரதத் துண்டுகளைச் சுமந்த காவல் செல்களும் அதே வழியில்தான் வந்து சேர்கின்றன.

அங்கே நெறி கட்டும். காலில் முள் குத்திப் புரையோடினால் தொடை இடுக்கில் நெறி கட்டுவது போலத்தான் இதுவும். 2021இல் இது ஒரு குழப்பத்தையே கிளப்பியது. மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வந்த பெண்களின் படங்களில் ஒரு பக்க அக்குளில் மட்டும் முடிச்சுகள் வீங்கித் தெரிந்தன. அப்படி வீங்கியிருந்தால் புற்றுநோயோ என்று சந்தேகப்படுவது மருத்துவரின் கடமை. பலருக்கு வயிற்றில் புளியைக் கரைத்த பிறகுதான், போன வாரம் அந்தக் கையில் ஊசி போட்ட விவரம் வெளியே வந்தது. முதல் டோஸுக்கு முன்பே படம் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் டோஸ் முடிந்து 4 முதல் 6 வாரம் பொறுங்கள் என்று அமெரிக்க மார்பகப் படவியல் சங்கம் அறிவுறுத்தியது. பிறகு அந்த விதியைத் தளர்த்திவிட்டார்கள். ஊசி போட்ட தேதியையும் கையையும் சொன்னால் போதும் என்றானது.

வீங்கிய முடிச்சுக்குள் நடக்கும் வேலை அசாத்தியமானது. முளை மையங்கள் என்ற சின்னச் சின்னக் கூடங்கள் அங்கே உருவாகின்றன. எதிர்ப்பொருளைச் சுரக்கக்கூடிய பி செல்கள் அவற்றுக்குள் பல்கிப் பெருகுகின்றன. பெருகும்போதே தங்கள் மரபணுவில் ஒரு குறிப்பிட்ட பகுதியை மட்டும் வேண்டுமென்றே பிழையாக எழுதிக்கொள்கின்றன. தையற்காரர் போட்டுப் பார்த்துப் பிரித்து மறுபடி தைப்பதைப் போல, ஒவ்வொரு திருத்தமும் ஸ்பைக் புரதத்தின் மீது பொருத்திப் பார்க்கப்படுகிறது. கச்சிதமாகப் பொருந்தியது பிழைக்கும், பொருந்தாதது செத்துப்போகும். செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலி எல்லெபெடியின் குழு, தடுப்பூசி போட்டுக்கொண்ட தன்னார்வலர்களின் அக்குள் முடிச்சுக்குள் மெல்லிய ஊசியை விட்டு, வாரக்கணக்கில் மாதிரி எடுத்துப் பார்த்தது. இரண்டாம் டோஸ் முடிந்து 12 வாரமாகியும் முளை மையங்கள் ஓயவில்லை. சிலருக்கு ஆறு மாதம் வரைகூட நீடித்தது. கை வலி இரண்டு நாளில் மறந்துபோகும். அக்குளில் வேலை அப்போதுதான் சூடு பிடிக்கிறது.

ஆக, மறுமுறை ஊசி போடும்போது அதே கையில் போட்டால் பழகிய முடிச்சுக்கே மருந்து போகும், கையை மாற்றினால் புது முடிச்சுக்குப் போகும். எது நல்லது?

ஜெர்மனியின் சார்லாந்து பல்கலைக்கழகத்தார் 303 பேரிடம் பார்த்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, ஒரே கைதான் மேல் என்றது. இரண்டு டோஸையும் ஒரே கையில் வாங்கியவர்களில் 67 சதவீதம் பேரிடம், வைரஸ் புகுந்த செல்களை அழிக்கும் கொலையாளி டி செல்கள் தென்பட்டன. கை மாற்றியவர்களில் 43 சதவீதம். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் ஆரிகனிலிருந்து நேரெதிர் முடிவு வந்தது. கை மாற்றியவர்களின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் 1.3 முதல் 4 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. ஆனால் அந்த வித்தியாசம் மூன்று வாரம் கழிந்த பிறகுதான் தலைகாட்டியது.

2025இல் சிட்னியின் கார்வன், கிர்பி ஆய்வு நிறுவனங்கள் இதன் உள்விவரத்துக்குள் போயின. முதலில் எலிகளில் பார்த்தார்கள். முதல் ஊசிக்குப் பிறகு, பார்த்ததை மறக்காத நினைவு பி செல்கள் அதே முடிச்சின் வெளிவிளிம்புக்கு நகர்ந்துபோய், அங்கே குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் செல்களோடு ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த மேக்ரோஃபேஜ்களும் சும்மா இல்லை. முதல் ஊசியிலேயே தயாராகிவிட்ட அவை, அடுத்த முறை மருந்து வந்ததும் அதைப் பிடித்து நினைவுச் செல்களிடம் கொடுத்துவிடுகின்றன. பிறகு 30 மனிதர்களிடம் பார்த்தார்கள். 20 பேருக்கு இரண்டு டோஸும் ஒரே கையில், 10 பேருக்குக் கை மாற்றி. ஒரே கைக்காரர்களுக்கு முதல் வாரத்துக்குள்ளேயே எதிர்ப்பொருள் வேகமாக எழும்பியது. நான்காவது வாரத்தில் இரு தரப்பும் சமமாகிவிட்டன.

மூன்று ஆய்வுகளும் ஒன்றையொன்று முட்டிக்கொள்வது போலத் தெரிந்தாலும், என் பார்வையில் அவை மோதுவது குறைவு. சிட்னி முதல் வாரத்தைப் பார்த்தது, ஆரிகன் பின்னால் வந்த மாதங்களைப் பார்த்தது. தவிர, மூன்றுமே சில வார இடைவெளியில் போட்ட முதலிரண்டு டோஸ்களைப் பற்றியவை. ஏழெட்டு ஊசிக்குப் பிறகு, வருஷத்துக்கு ஒரு முறை போடுகிறவர் இதற்காக மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டியதில்லை. படுக்கிற பக்கத்தை வைத்து முடிவு செய்வதே உசிதம். புற்றுநோய்க்காக ஒரு பக்க அக்குள் முடிச்சுகளை அகற்றியவர்கள் மட்டும் விதிவிலக்கு. அவர்களை மறு கையில் போட்டுக்கொள்ளத்தான் மருத்துவர்கள் சொல்வது வழக்கம்.

ஊசி போட்டவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் கையைப் பற்றியல்ல, ராத்திரியைப் பற்றி. சாயங்காலம் வரை ஒன்றுமே தெரியாது. சமையல் ஆகும், சாப்பாடு ஆகும். படுத்த பிறகு எங்கிருந்தோ ஒரு குளிர் வந்து, இரண்டு கம்பளி போர்த்தியும் பல் தந்தியடிக்கும். விடிந்ததும் அடித்துப் போட்டது போல உடம்பு வலி. அன்று மாலைக்குள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து காப்பி போடுவார்கள்.

இந்தக் காலக்கணக்குக்குக் காரணம் இருக்கிறது. உள்ளே வந்த அயல் பொருளைக் கண்டதும் செல்கள் இன்டர்ஃபெரான் போன்ற எச்சரிக்கைப் பொருள்களைச் சுரக்கின்றன. அவை ரத்தத்தில் கலந்து ஏறச் சில மணி நேரம் பிடிக்கும். அதன் விளைவாக மூளையில் புரோஸ்டாகிளாண்டின் சுரந்து, உடல் வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் ஹைப்போதலாமஸின் இலக்கை 37 டிகிரியிலிருந்து மேலே தூக்கிவிடுகிறது. உடம்பு அதே 37இல்தான் இருக்கிறது, ஆனால் இப்போது அது மூளைக்குப் போதவில்லை. தசைகளை நடுங்கவைத்துச் சூடேற்றுகிறது. பாராசிட்டமால் அந்த இலக்கை மறுபடி இறக்கிவிடும். வியர்த்துக் கொட்டினால் குளிர் விட்டது என்று பொருள். இவ்வளவோடு போயிற்றே என்றுதான் சொல்ல வேண்டும். எம்.ஆர்.என்.ஏ.வின் ஓர் எழுத்தைச் சற்றே மாற்றி எழுதினால் செல்கள் போடும் கூச்சல் குறையும் என்று காட்டலின் கரிக்கோவும் ட்ரூ வைஸ்மனும் கண்டுபிடித்திருக்காவிட்டால் இந்த ஊசியே சாத்தியமாகியிருக்காது. 2023இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது அதற்காகத்தான்.

மாடர்னா ஆளைச் சாய்த்துவிடும், ஃபைசர் பரவாயில்லை, நோவாவாக்ஸ் போட்டது தெரியவே தெரியாது என்று மக்கள் பேசிக்கொள்வதில் விஷயம் உண்டு. மாடர்னா பூஸ்டரில் எம்.ஆர்.என்.ஏ. 50 மைக்ரோகிராம். நோவாவாக்ஸில் எம்.ஆர்.என்.ஏ.வே கிடையாது. தயார்நிலையில் உள்ள புரதத்தோடு, சிலி நாட்டுச் சோப்பு மரத்தின் பட்டையிலிருந்து எடுத்த தூண்டுபொருளைச் சேர்க்கிறார்கள்.

காய்ச்சல் வந்தால்தான் ஊசி வேலை செய்கிறதா? சான் ஃபிரான்சிஸ்கோவில் 363 பேரைத் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளிவந்த ஆய்வில், குளிரும் அசதியும் தலைவலியும் வந்தவர்களுக்கு ஆறு மாதம் கழித்தும் எதிர்ப்பொருள் ஓரளவு கூடுதலாக இருந்தது. ஒன்றும் வராதவர்களுக்கும் எதிர்ப்பொருள் உருவாகத்தான் செய்தது.

இதற்கு மறுபக்கமும் ஒன்றுண்டு. கோவிட் தடுப்பூசிப் பரிசோதனைகள் 12ஐச் சேர்த்துப் பார்த்த பாஸ்டன் ஆய்வாளர்கள், மருந்தே இல்லாத வெற்று ஊசி போட்டவர்களில் 35 சதவீதம் பேர் முதல் டோஸுக்குப் பிறகு தலைவலி, அசதி என்று சொன்னதைக் கண்டார்கள். அசல் ஊசிக்காரர்களில் அப்படிச் சொன்னவர்கள் 46 சதவீதம். பயந்து எதிர்பார்த்தே வரவழைத்துக்கொண்டது கொஞ்சம், ஊசி போடாவிட்டாலும் அன்றைக்கு வந்திருக்கக்கூடிய தலைவலி கொஞ்சம். அதற்காக "எல்லாம் மனப்பிராந்தி" என்று ஒதுக்கிவிடுவது பெரிய தப்பு. அப்படி ஒதுக்கியதால் விட்டுப்போன ஒன்றைத்தான் அடுத்துச் சொல்ல வேண்டும்.

2021 பிப்ரவரியில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழக மானுடவியலாளர் கேட் கிளான்சி, ஊசிக்குப் பிறகு தனக்கு மாதவிடாய்ப் போக்கு வழக்கத்தை மீறி இருந்ததை ட்விட்டரில் எழுதினார். எனக்கும் எனக்கும் என்று பெண்கள் குவிந்தார்கள். பெரிய மருந்துப் பரிசோதனைகள் காய்ச்சலைக் கேட்டன, கை வீக்கத்தை அளந்தன, மாதவிடாயைப் பற்றி மட்டும் கேட்கவே இல்லை. கிளான்சியும் சக ஆய்வாளர் கேத்தரின் லீயும் தாங்களே கேள்வித்தாள் தயாரித்தார்கள். அவர்கள் அலசிய 16,000க்கும் மேற்பட்ட பதில்களில், ஒழுங்கான சுழற்சி உள்ளவர்களில் 42 சதவீதம் பேர் போக்கு அதிகமானதாகச் சொன்னார்கள். மாறுதலைக் கண்டவர்களே முன்வந்து பதில் எழுதியிருக்கலாம் என்பதால் இந்த எண்ணிக்கையை ஊருக்கெல்லாம் பொருத்தக் கூடாது. அதையும் அவர்களே சொன்னார்கள். மறுபக்கம் ஆரிகனில் ஆய்வாளர் அலிசன் எடெல்மன், தேதி குறித்து வைக்கும் செயலி ஒன்றிலிருந்து ஏறக்குறைய 4,000 பெண்களின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார். சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாகத் தள்ளிப்போயிருந்தது. சின்ன மாற்றம்தான், தற்காலிகமானதும்கூட. ஆனால் பெண்கள் சொன்னது உண்மை.

ஊசி போட்டு ஒரு வாரம் கழித்துக் கையில் சிவந்து தடித்த வட்டம் வருவதும் முதலில் மக்கள் சொல்லித் தெரிந்ததுதான். மாடர்னா ஊசி போட்ட 12 பேரின் கதையை மருத்துவ இதழில் எழுதிய பாஸ்டன் மருத்துவர்கள், அது பெரும்பாலும் எட்டாம் நாள் வாக்கில் வந்து தானே அடங்கும் என்றார்கள். இளைஞர்களிடம் அபூர்வமாக வரும் இதயத்தசை அழற்சியை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வருஷா வருஷம் ஊசி ஏன் என்றால், வைரஸ் உருமாறுகிறது. 2022 இலையுதிர்காலத்தில் பழைய வுஹான் வடிவத்தையும் ஒமிக்ரானையும் கலந்து போட்டார்கள். 2023இல் பழையதைத் தூக்கிவிட்டு எக்ஸ்.பி.பி.1.5 என்ற உருமாற்றம் மட்டும். 2024இல் ஜே.என்.1, கே.பி.2. 2025இல் எல்.பி.8.1. பழையதைத் தூக்கியதற்குக் காரணம், உடம்பு முதலில் பார்த்த வடிவத்தையே பிடித்துக்கொண்டு நிற்கும் குணம். பழைய முகத்தை மறுபடி காட்டினால் பழைய எதிர்ப்பொருளே எழும்பும், புதியதைக் கற்பது தடைபடும். ஃப்ளூவில் இதை ஆய்வாளர் தாமஸ் ஃபிரான்சிஸ் 1960லேயே விவரித்திருக்கிறார்.

கிடைக்கிற பலனைக் கூட்டியும் சொல்லக் கூடாது, குறைத்தும் சொல்லக் கூடாது. 2023 ஊசி, அறிகுறியோடு நோய் வருவதை முதல் நான்கு மாதங்களில் சுமார் 54 சதவீதம் குறைத்தது. அதன்பின் தேயும். ஆகவேதான் பிரிட்டன் 75 வயதைத் தாண்டியவர்களுக்கு வசந்தத்திலும் இலையுதிர்காலத்திலும் போட்டுவிட்டு, ஆரோக்கியமான இளையவர்களை விட்டுவிடுகிறது. அமெரிக்காவில் ஆறு மாதத்துக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று இருந்தபோதே பெரியவர்களில் நால்வரில் ஒருவர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. 2025இல் அனுமதியையே 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கும் இணைநோய் உள்ளவர்களுக்கும் என்று சுருக்கிவிட்டார்கள். இந்தியாவில் 2022 ஜனவரி 10ஆம் தேதி முன்னெச்சரிக்கை டோஸ் தொடங்கியதோடு சரி, ஆண்டு ஊசி வழக்கமாகவில்லை.

திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு சலித்துவிடாதா என்ற கேள்விக்கு யாரும் திட்டமிடாத ஒரு சோதனை ஜெர்மனியில் நடந்தது. மாக்டெபர்க் ஊரைச் சேர்ந்த 62 வயதுக்காரர் ஒருவர் 29 மாதங்களில் 217 கோவிட் ஊசி போட்டுக்கொண்டதாகச் சொன்னார். மோசடியோ என்று விசாரிக்கப்போன அரசு வழக்கறிஞர் அலுவலகம் 130க்கு மேற்பட்ட ஊசிகளுக்கு ஆதாரத்தைத் திரட்டியது, வழக்கு எதுவும் போடவில்லை. செய்தித்தாளில் படித்த எர்லாங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், "ரத்தம் தருவீர்களா?" என்று கேட்டார்கள். மனிதர் குஷியாகச் சம்மதித்தார். அவருடைய டி செல்கள் சலித்துப்போனதற்கு அடையாளமே இல்லை. சொல்லும்படியான பக்கவிளைவும் இல்லை. இப்படிச் செய்யச் சொல்லி யாருக்கும் பரிந்துரைக்க மாட்டோம் என்று 2024இல் ஆய்வாளர்கள் அழுத்தி எழுதினார்கள். ஆய்வு நடந்துகொண்டிருக்கும்போதே அவர் தன் பிடிவாதத்தில் இன்னொரு ஊசி போட்டுக்கொண்டார். அதற்கு முன்னும் பின்னும் ரத்தம் எடுத்துப் பார்த்ததில், அந்த 217ஆவது ஊசிக்கும் எதிர்ப்பொருள் ஏறியிருந்தது.