டீ ஒத்துக்கொள்கிறது, காபி மட்டும் ஏன் ஆவதில்லை?

“காபி எனக்கு அலர்ஜி” என்பவர்களில் பெரும்பாலோருக்கு இருப்பது அலர்ஜியே அல்ல. குடித்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடக்கும், விரல் நடுங்கும், ராத்திரி தூக்கம் வராது. காஃபினை அவர்கள் உடல் தாங்கவில்லை, அவ்வளவுதான்.

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேர்ந்து அசதியை உண்டாக்கும். அது போய் ஒட்ட வேண்டிய இடத்தைக் காஃபின் முந்திக்கொண்டு பிடித்துவிடுவதால்தான் சுறுசுறுப்பு. வந்த காஃபினைக் கரைப்பது கல்லீரலில் உள்ள ஒரு நொதி. அதன் வேகம் பரம்பரையைப் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். சராசரியாக 5 மணி நேரத்தில் பாதி கரையும். அந்தக் கணக்கில், மாலை 4 மணிக் காபியில் பாதி, 9 மணிக்கும் ரத்தத்தில் இருக்கும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அந்தப் பாதி கரையவே 15 மணி நேரம்கூட ஆகலாம். கருத்தடை மாத்திரையும், நம் ஊரில் சகஜமாக எழுதித்தரும் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் இந்த நொதியை மந்தமாக்கும். சிகரெட்டோ முடுக்கிவிடும். புகையை நிறுத்தியவருக்குப் பழைய அளவுக் காபியே திடீரென்று தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான்.

நிஜமான அலர்ஜி வேறு. தோலில் தடிப்பு, அரிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்று வரும். காஃபினுக்கே அலர்ஜி என்பது மிக அபூர்வம். வறுக்காத காபிக்கொட்டையின் தூசியைச் சுவாசிக்கும் ஆலைத் தொழிலாளர்களிடம்தான் காபி ஒவ்வாமை அதிகம் பதிவாகியிருக்கிறது.

டீயிலும் காஃபின் உண்டு. டீ குடித்தால் ஒன்றும் செய்யாமல், காபிக்கு மட்டும் உடம்பு தடித்தால், காஃபினைக் குறை சொல்வதில் நியாயமில்லை. நம் டம்ளரில் இருப்பது காபி மட்டுமா? சிக்கரி இருக்கிறது, அதில் காஃபின் கிடையாது, ஆனால் சிலருக்கு அதுவே ஒத்துக்கொள்ளாது. பால் இருக்கிறது, வயிறு உப்பி, கடமுடவென்று உருட்டினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பாலைத்தான். நெஞ்செரிச்சல் என்றால், காஃபின் நீக்கிய காபியும் அமிலத்தைத் தூண்டும் என்பதால் அதற்கு மாறினாலும் முழுப் பலன் கிடைக்காமல் போகலாம்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015இல் சொன்ன வரம்பு பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 400 மில்லிகிராம், கர்ப்பிணிகளுக்கு 200. தாங்காத உடம்புக்கு இந்தக் கணக்கு உதவாது. ரோபஸ்டா வகைக் காபிக்கொட்டையில் அராபிகா வகையைப் போல ஏறக்குறைய இருமடங்கு காஃபின் இருப்பதால், பொடி வாங்கும்போது கலவையைக் கேளுங்கள். மதியத்துக்குமேல் குடிக்காமல் இருந்து பாருங்கள்.

முகம் வீங்கினாலோ மூச்சு திணறினாலோ இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டாம். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.