மின்சார அடுகலன்

உழைக்கும் மக்களுக்குப் பொழுது பொன்னினும் அரியது. திருப்பூர் வட்டாரத்தில் பனியன் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் செல்லும் பெண்கள் பல்லாயிரவர். புறப்படுமுன் காலையுணவையும் பகலுணவையும் ஆக்கி வைக்கும் பொறுப்பும் பெரும்பாலும் அவர்களையே சார்கின்றது. அத்தகைய குடும்பங்களுக்கு உற்ற துணையாவது மின்சார அடுகலன். மக்கள் இதனை எலெக்ட்ரிக் குக்கர் என்பர்.

விறகடுப்பில் சோறாக்குவோர் அடுப்பை விட்டு அகலுதல் இயலாது. தீ மிகுந்தால் சோறு கரியும். குறைந்தால் அரிசி வேகாது நிற்கும். ஜப்பானியப் பெண்களும் இத்துன்பத்தை அறிந்திருந்தனர். அந்நாட்டுத் தோஷிபா நிறுவனம், தானே நின்றுவிடும் மின்சார அடுகலனை 1955-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதனை உருவாக்கியவர் மினாமி யோஷிததா. அவர்தம் மனைவியார் ஃபுமிகோ பன்முறை சோறாக்கிப் பார்த்து, ஏற்ற சூட்டையும் நேரத்தையும் ஆராய்ந்தார். அடுக்களையில் பெற்ற பட்டறிவே அக்கருவிக்கு அடிப்படையாயிற்று.

சோறு வெந்ததா என்று பதம் பார்க்க அடுகலனுக்குக் கையில்லை. அஃது உணர்வது சூடு ஒன்றையே. நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். திறந்த கலத்தில் நீர் உள்ளவரை சூடு அவ்வளவில் நிற்கும். நீர் முழுவதையும் அரிசி உறிஞ்சிய பின்னர்க் கலத்தின் அடி விரைந்து சூடேறும். உடனே கருவி மின்னோட்டத்தைத் தடுத்துவிடும். ஆகவே, நீரை அளந்து ஊற்றுதலே இச்சமையலின் உயிர்நிலை.

பல்பயன் அடுகலனுக்கு இறுக மூடும் மூடியும் உண்டு. உள்ளே நீராவி அடைபடுவதால் அழுத்தம் பெருகும். அப்போது நீர் 100 பாகைக்கு மேற்பட்ட சூட்டில்தான் கொதிக்கும். எனவே, கொள்ளும் துவரையும் விரைவில் வேகும். குறித்த நேரம் முடிந்ததும் கருவி தானே நிற்கும். கொங்குநாட்டு அரிசியும் பருப்பும் சாதத்திற்கு இது மிகவும் ஏற்றது. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் ஆகியவற்றைக் கலத்திலேயே தாளித்து வதக்கலாம். பின்னர் அரிசி, துவரம்பருப்பு, மஞ்சள், உப்பு ஆகியவற்றுடன் அளந்த நீரைச் சேர்த்து மூடினால், ஒரே கலத்தில் குடும்பத்திற்கு உணவு ஆயத்தமாகும்.

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய பின்னர்க் கோவை வட்டார ஆலைகள் பெருகின. ஆலையை இயக்கிய மின்னாற்றல் இன்று அடுக்களையிலும் தொண்டு புரிகின்றது. ஆயினும், அதனை விழிப்போடு கையாளுதல் வேண்டும். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் முழு ஆற்றலுடன் இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரம் செலவாகும். நில இணைப்புள்ள மின்செருகியிலேயே அதனை இணைத்தல் வேண்டும். உட்கலத்தின் அடியை ஈரமின்றித் துடைத்து வைத்தல் நன்று. கலத்தில் மூன்றில் இரு பங்கிற்கு மேலும், நுரைக்கும் பருப்பாயின் பாதிக்கு மேலும் நிரப்புதல் ஆகாது. ஆவி முற்றும் அடங்குமுன் மூடியைத் திறத்தல் பெருந்தீங்கு விளைக்கும்.

கருவி மட்டும் ஒருவர் சுமையைக் குறைத்துவிடாது. அரிசியை அளக்கவும் காய் நறுக்கவும் கலம் கழுவவும் கைகள் வேண்டும். அவை தாயின் கைகளாகவே இருத்தல் வேண்டுமா? தந்தையும் மக்களும் இவ்வேலைகளைக் கற்றுப் பகிர்ந்துகொண்டால், உழைத்துக் களைத்த தாய்க்குச் சிறிது ஓய்வு கிட்டும். அதுவே இக்கருவியால் விளையும் பெரும்பயனாகும்.